மௌன விஹாரின் கொலு

கொம்பு வைப்பது லேசான வேலை என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் பெரம்பூருக்கு வந்து பிலோமினாவின் பட்டறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு நூல் இடம் தவறினால் போதும், யாளி எருமையாகிவிடும். பொம்மைக்காரம்மா வந்து, "என்னக்கா இது, பால் கறக்கிற மாதிரி இருக்கு?" என்று கத்துவாள். கழற்றி மறுபடியும் வைக்க ஒரு பகல் போகும்.

பிலோமினாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் மனுஷர்களுக்குப் பல் செட்டு செய்து கொடுத்தவள். மனுஷன் வாயைப் பார்த்து அலுத்துப்போய், உயிர்ப்பொம்மைகளுக்குக் கோரைப்பல் கட்ட வந்தாள். கோரைப்பல்லில் ஆரம்பித்தது கொம்பு, வால், செதில், இறக்கை என்று நீண்டுகொண்டே போயிற்று. பேச்சு கொஞ்சம் வெடுக்கென்றுதான் இருக்கும். ஆனால் கை சுத்தம். அதைச் சொல்லிப் புகழ்ந்தால் மட்டும் அப்படியே உருகிவிடுவாள். அவளிடம் இருந்த ஒரே கெட்ட குணம் அதுதான்.

உயிர்ப்பொம்மை என்றால் தோல் சூடாக இருக்கும். மூச்சு விடும், கண் சிமிட்டும், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும். கம்பெனியிலிருந்து வரும்போது அச்சு அசல் ஐந்து வயதுப் பிள்ளைதான். அதுவே வினையாகிப் போனது. ஒரு பொம்மை பள்ளிக்கூடத்தில் சேர்ந்து இரண்டாம் வகுப்பு வரை பாஸாகிவிட்டது. இன்னொன்றின் பெயர் ரேஷன் கார்டில் ஏறிவிட்டது. மூன்றாவது ஒன்றை ஒரு வட்டச் செயலாளர் மடியில் வைத்துப் படம் எடுத்து, 'குழந்தைகளின் தோழரே' என்று தெருவெல்லாம் போஸ்டர் ஒட்டிய பிறகுதான் அது பேட்டரியில் ஓடுகிறது என்று தெரிந்தது. மறுவாரமே சட்டம் வந்துவிட்டது. உயிர்ப்பொம்மை எதுவானாலும், மனிதருக்கு இல்லாத உறுப்பு குறைந்தது இரண்டு வெளியே தெரிகிற மாதிரி இருக்க வேண்டும்.

சட்டம் கேட்டது அடையாளத்தை. நம் ஜனம் சும்மா இருக்குமா? மேல்நோக்கி வளைந்த கொம்பு எங்கள் வகையறாவுக்கு மட்டுமே உரியது என்று ஒரு சங்கம் சாலை மறியல் செய்தது. கீழ்நோக்கி வளைந்த கொம்புக்காரர்கள் பதிலுக்கு மாநாடு போட்டார்கள். கூர்க்காது பொம்மையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தி, ஊருக்கே பிரியாணி போட்டார்கள். 'யாளி முகம், மாநிறம், அடக்கமான சுபாவம்' என்று பொம்மைக்குப் பொம்மை வரன் தேடும் விளம்பரங்கூட ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வர ஆரம்பித்தது. பிலோமினா இதையெல்லாம் படித்துச் சிரித்துவிட்டு, வந்த வேலையைப் பார்ப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சந்தானகுமார் என்று ஒருவனும் அவன் மனைவி ஆதிரையும் பட்டறைக்கு வந்தார்கள். அவன் தோளில் போர்வை சுற்றிய பொம்மை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது.

"நெத்தியில ஒத்தக் கொம்பு, பின்னால வாலு. ரெண்டு போதும்க்கா" என்றாள் ஆதிரை.

"போதுமான்னு நான் சொல்றேன். பல்லு அளவு எடுத்துக்கிட்டா பின்னாடி உதவும்" என்று சொல்லிக்கொண்டே பிலோமினா பொம்மையை மேஜையில் கிடத்தி வாயைத் திறந்தாள். கீழ்வரிசை முன்பல்லில் விரல் பட்டது. பல் ஆடியது.

பிலோமினா கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். இருபது வருடப் பல் தொழிலில் பால்பல் எப்படி ஆடும் என்று அவளுக்குத் தெரியாதா? எந்தக் கம்பெனிக்காரனும் பொம்மைக்கு ஆடுகிற பல் வைப்பதில்லை.

"தொடாதீங்க ஆன்ட்டி, வலிக்கும்" என்றது பொம்மை.

"அடிப்பாவி! இது பிள்ளைடி!"

"மெதுவாப் பேசுங்கக்கா" என்று சந்தானகுமார் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினான். "எங்க பொண்ணுதான். பேரு மிளிர். கொஞ்சம் உக்காருங்க, சொல்றோம்."

சொன்னார்கள். அவன் வேலை பார்க்கிற கம்பெனி நாவலூர்ப் பக்கம் மாறிவிட்டது. பதினான்கு வீடு பார்த்தாயிற்று. கறி சாப்பிடுவீங்களா, நாய் இருக்கா என்றெல்லாம் வீட்டுக்காரர்கள் கேட்ட காலம் போய், இப்போது ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்.

"பிள்ளை இருக்கான்னு கேக்கறாங்கக்கா" என்றாள் ஆதிரை. "இருக்குன்னா கேட்டைச் சாத்திடறாங்க. இப்ப லாட்ஜ்ல இருக்கோம். அங்கயும் பக்கத்து ரூம்காரன் கம்ப்ளெயின்ட் பண்ணிட்டான். ஞாயித்துக்கிழமை காலி பண்ணணும். மௌன விஹார்னு ஒரு அபார்ட்மென்ட்ல வீடு இருக்கு. நாய் வச்சுக்கலாம், கிளி வச்சுக்கலாம், பொம்மை எத்தனை வேணா வச்சுக்கலாம். பொம்மைங்களுக்குன்னு லிஃப்ட்ல தாழ்வா பட்டன்கூட வச்சிருக்காங்க. பிள்ளை மட்டும் கூடாது. சங்கத்து விதியிலயே எழுதியிருக்கு."

"ஏனாம்?"

"சத்தம் போடுதாம்."

"ஆமா, இவங்கல்லாம் பொறக்கும்போதே பென்ஷன் வாங்கிட்டுப் பொறந்தவங்க" என்றாள் பிலோமினா. "போங்க, வேற வீடு பாருங்க. நான் பொம்மைக்கு வேலை செய்யறவ. உசுருள்ள பிள்ளை நெத்தியில கொம்பு வைக்கிறது பாவம்."

ஆதிரை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியது போல, சரியான இடத்தில் அடித்தாள். "உங்க கை பட்டா பொம்மை பிள்ளையாயிடும்னு எல்லாரும் சொல்றாங்கக்கா. பிள்ளையைப் பொம்மையாக்க உங்களால முடியாதா?"

அவ்வளவுதான், பிலோமினா விழுந்தாள். நிஜத் தோலில், நிஜ எலும்பின் மேல், ஒட்டியது தெரியாமல் ஒரு கொம்பை நிறுத்த முடியுமா என்ற யோசனை அவளுடைய விரல்நுனியில் ஏற்கெனவே ஊற ஆரம்பித்திருந்தது. போதாக்குறைக்குப் பிள்ளை வேறு எழுந்து உட்கார்ந்து, "எனக்கு நீள வாலு வேணும் ஆன்ட்டி" என்றது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதைத்தான் அவள் செய்தாள்.

"மூணே மாசம். அதுக்குள்ள வேற வீடு பார்த்துடணும்" என்றாள்.

கொம்பு பிரமாதமாக வந்தது. பல் செட்டு ஒட்டுகிற பசைதான், வெந்நீர் பட்டால் கழன்றுவிடும், தோலுக்குக் கெடுதல் இல்லை. வாலுக்கு இடுப்பில் ஒரு பெல்ட். ஆனால் கொம்பும் வாலும் வைத்தால் மட்டும் பொம்மை ஆகிவிட முடியுமா? அதற்கும் பிலோமினாதான் வாத்தியார் ஆனாள்.

"யாராவது ஏதாவது கேட்டா உடனே பதில் சொல்லக் கூடாது, கண்ணு. மனசுக்குள்ள மூணு எண்ணிட்டு அப்புறம் சொல்லு. அரிச்சா சொறியாதே. திங்கிற பண்டத்தைப் பார்த்தா கண்ணு அந்தப் பக்கம் போகக் கூடாது. விழுந்தா அழாதே, 'மன்னிக்கவும்'னு சொல்லிட்டு எந்திரி."

மிளிர் நாலு நாளில் கற்றுக்கொண்டுவிட்டாள். ஐந்தாம் நாள் அவளைப் பார்த்த பிலோமினாவுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. தன் வேலையை நினைத்து அவளுக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று மாதம் எட்டு மாதமாயிற்று. மாதம் ஒருமுறை சர்வீஸ் என்ற பெயரில் பிலோமினா மௌன விஹாருக்குப் போய்க் கொம்பைக் கழற்றி ஒட்டிவிட்டு வருவாள். குடியிருப்பின் செகரட்டரி கஜபதி, ரிட்டயர்டு இன்ஜினியர். நடைபாதையில் யாராவது தும்மினால்கூட நின்று முறைக்கிற மனுஷர். அவருக்கு மிளிர் என்றால் உயிர்.

"என்ன அடக்கம், என்ன அடக்கம்!" என்பார். "மனுஷப் பிள்ளைங்க இப்படி இருக்குமா, சொல்லும்மா? காட்டுக் கத்தல் கத்தும். இதைப் பாரு, கேட்ட கேள்விக்கு யோசிச்சுப் பதில் சொல்லுது." சொல்லிவிட்டு அவள் கன்னத்தைக் கிள்ளுவார். கடந்து போகிற அம்மாக்கள் நின்று அவள் தலையைத் தடவுவார்கள். பதினான்கு வீட்டில் கேட்டைச் சாத்திய அதே பிள்ளைதான், வேறு யாருமில்லை. நெற்றியில் ஒரு கொம்பு முளைத்ததும் ஊரே தூக்கிக் கொஞ்சுகிறது.

"இது கொஞ்சம் உசந்த மாதிரி இல்ல?" என்று ஒருநாள் அவர் கேட்டபோது, "புதுக் கால் மாத்தினோம் சார்" என்று ஆதிரை சொல்லிச் சமாளித்தாள்.

அன்று கொம்பை ஒட்டிக்கொண்டிருந்தபோது ஆதிரை சமையலறை வாசலில் நின்றபடி மெல்லச் சொன்னாள். "அக்கா, கதவைச் சாத்தினப்புறமும் இவ இப்படியேதான் இருக்கா. பசிக்குதாடின்னு கேட்டா மூணு எண்ணிட்டுத்தான் தலையாட்டறா. முந்தாநேத்து நாற்காலியில கால் இடிச்சு ரத்தம் வந்துடுச்சு. 'மன்னிக்கவும்'னு சொன்னா, என்கிட்டயே."

பிலோமினா பசை ட்யூபைக் கீழே வைத்தாள். "வேற வீடு பாருங்கன்னு அன்னிக்கே சொன்னேன்ல?"

"பார்க்கறோம்க்கா. நவராத்திரி முடியட்டும்" என்றான் சந்தானகுமார். அவன் நல்லவன்தான். ஆனால் அங்கிருந்து ஆபீசுக்கு ஐந்து நிமிட நடை. அந்த ஐந்து நிமிடத்தை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

நவராத்திரிக்கு மௌன விஹாரில் பெரிய கொலு. கீழ்த்தள ஹாலில் ஒன்பது படி கட்டுவார்கள். மண் பொம்மை, மரப்பாச்சி எல்லாம் பழைய காலம். அவரவர் வீட்டு உயிர்ப்பொம்மைகளைத்தான் அலங்காரம் செய்து படியில் உட்கார வைப்பார்கள். வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது கொலுவில் ஏற வேண்டும் என்பது வழக்கம். இந்த வருஷப் புதுப் பொம்மை மிளிர்தான் என்று கஜபதி வாயாலேயே அறிவித்துவிட்டார். மாட்டேன் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. பொம்மைக்குத் தலைவலி, காய்ச்சல் என்று சொல்ல முடியுமா?

சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம் கொலுப் போட்டியின் நடுவர்கள் ஏழு மணிக்கு வருவதாக ஏற்பாடு. ஏதாவது கழன்றால் ஒட்டிக்கொடுக்க பிலோமினாவை வரச் சொல்லியிருந்தார்கள். ஐந்தரை மணிக்கே பெட்டியோடு வந்து ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். படிகளில் நாற்பத்தோரு பொம்மைகள். கின்னரம், நாகம், மீன்வால் பெண், கிளிமூக்குப் பையன், என்னென்னவோ. ஏழாம் படியில் பட்டுப் பாவாடையும் ஒற்றைக் கொம்புமாக மிளிர். கீழே அம்மாக்கள் பாடினார்கள். ஒரு மாமி சுருதியைப் பிடிக்கப் பட்ட பாட்டில் பிலோமினாவுக்கே சிரிப்பு முட்டியது. மிளிர் சிரிக்கவில்லை. அண்டா நிறைய கடலைச் சுண்டல் தேங்காய் மணத்தோடு அவள் முன்னால் போயிற்று. அவள் கண் அந்தப் பக்கம் போகவில்லை.

ஒரு கொசு வந்து மிளிரின் கன்னத்தில் உட்கார்ந்தது. நிதானமாக, வயிறு சிவக்கச் சிவக்கக் குடித்தது. பிள்ளை கையைத் தூக்கவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த பிலோமினாவுக்குத் தன் கன்னம் எரிந்தது. கர்த்தரே, இதைக் கற்றுக்கொடுத்தது நான்தானே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

கொசு எழுந்து ஐந்தாம் படிக்குப் போய், கிளிமூக்குப் பையனின் முழங்காலில் உட்கார்ந்தது. ரப்பர் முழங்காலில் கொசுவுக்கு என்ன வேலை? பிலோமினா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பையனின் முழங்காலில் ஏற்கெனவே இரண்டு தடிப்பு. மூன்றாம் படி மீன்வால் பெண்ணின் கழுத்தில் ஒரு தடிப்பு. வாலின் தையலைப் பார்த்தால் சூளைப் பக்கம் இருக்கிற வேறு பட்டறைக்காரனின் வேலை. நாகம் ஒன்றின் கைமேல் நாலு. அவள் ஒருத்திதான் பாவி என்று நினைத்திருந்தாள். ஊரில் இருக்கிற பட்டறைக்காரன் எல்லாம் இதே வேலையைத்தான் செய்திருக்கிறான்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று.

இருட்டில் உயிர்ப்பொம்மைகளின் கண்கள் தானாக ஒளிரும். வீட்டில் ராத்திரி தடுக்கி விழாமல் நடக்க அது ஒரு வசதி. ஹால் இருண்டதும் படிகளில் பச்சைப் பச்சையாகக் கண்கள் எரிய ஆரம்பித்தன. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, பின்னால் இரண்டு. நடுநடுவே எரியாத இடங்களில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஐந்தும் ஆறும்தான் வயது. எந்தப் பட்டறைக்காரனும் இதற்குப் பாடம் நடத்தியிருக்கவில்லை.

"அம்மா!" என்று ஒரு குரல் வீறிட்டது. அடுத்து இன்னொன்று. பிறகு ஒரே நேரத்தில் பத்துக் குரல். மௌன விஹார் கட்டிய நாளிலிருந்து அதற்குள் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. பாய் சுருள, சுண்டல் அண்டா உருள, யார் யாரையோ இடித்துக்கொண்டு எல்லாரும் படியை நோக்கி ஓடினார்கள். "இதோ வந்துட்டேன்டா!" "என் செல்லம், பயப்படாதே!" "எங்கடி இருக்கே?"

ஜெனரேட்டர் ஓடி வெளிச்சம் வந்தபோது, பதினொரு பிள்ளைகள் பதினொரு பேர் இடுப்பில் இருந்தார்கள். தரையெல்லாம் கொம்பும் மூக்கும் இறக்கையும் சிதறிக் கிடந்தன. மூன்றாம் படியின் பக்கத்தில், வேட்டி அவிழ்ந்தது தெரியாமல், செகரட்டரி கஜபதி நின்றுகொண்டிருந்தார். மீன்வால் பெண் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "தாத்தா, தாத்தா" என்று தேம்பிக்கொண்டிருந்தாள்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிலோமினாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. முடிந்தது, இத்தோடு இந்தக் கூத்து முடிந்தது, நாளையிலிருந்து இந்த நடைபாதையில் பிள்ளைகள் ஓடும் என்று நினைத்தாள்.

கஜபதி பேத்தியை ஒரு கையில் மாற்றிக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். "எல்லாரும் உக்காருங்க. நடந்தது நடந்துபோச்சு. இப்ப சங்கம் என்ன செய்யறதுன்னு யோசிக்கணும்."

"என்ன சார் யோசிக்கிறது? விதியை மாத்துங்க" என்றாள் பிலோமினா.

"ஏம்மா, நீ சும்மா இரு. விதியை மாத்தினா என்ன ஆகும்? நம்ம விஹாருக்குன்னு ஒரு பேர் இருக்கு."

கிளிமூக்குப் பையனை இடுப்பில் வைத்திருந்த அம்மா முன்னால் வந்தாள். பையன் அவள் புடவையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். "சார் சொல்றது சரி. இன்னிக்கு விட்டா நாளைக்குப் பிள்ளைக்காரங்க எல்லாரும் வீடு கேட்டு வந்து நிப்பாங்க. அப்புறம் மனுஷங்க குடியிருக்க முடியுமா?"

"அதானே!" என்றார்கள் நாலைந்து பேர்.

கையைத் தூக்கச் சொன்னார் கஜபதி. ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கினார்கள். கொஞ்சம் தயங்கி சந்தானகுமாரும் தூக்கினான். பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்ற விதி அப்படியே தொடரும், இன்று அழுதவை பழுதான பொம்மைகள் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

அதன் பிறகு எல்லாரும் தரையில் குனிந்து தேடி, அவரவர் கொம்பையும் இறக்கையையும் பொறுக்கிக்கொண்டு பிலோமினாவின் ஸ்டூலுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். "அக்கா, சீக்கிரம் ஒட்டிக் குடுங்க. ஏழு மணிக்கு நடுவருங்க வந்துடுவாங்க." வரிசையில் முதல் ஆள் கஜபதி.

பிலோமினா பெட்டியைத் திறந்தாள். பசை ட்யூப் மூன்று, புதுசாக, மூடிகூடத் திறக்காமல் இருந்தன. அவற்றைப் பார்த்தாள். பெட்டியை மூடிப் பூட்டி, சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.

"பசை தீர்ந்துபோச்சு" என்றாள்.

"என்னம்மா விளையாடறே?"

"தீர்ந்துபோச்சு சார். இனிமே என்கிட்ட வாழ்நாளுக்கும் பசை கிடையாது. பிள்ளைங்களைக் கீழ இறக்கி விடுங்க. சுண்டல் குடுங்க. கொஞ்ச நேரம் கத்தட்டும், ஓடட்டும். உங்களுக்கெல்லாம் பெத்த வயிறு இல்லையா?"

ஒரு அம்மா பிள்ளையின் கன்னத்துத் தடிப்பைத் தடவிப் பார்த்தாள். கஜபதி தலையைக் குனிந்துகொண்டார். ஆதிரை மிளிரை இடுப்பிலிருந்து இறக்கி விட்டாள். மிளிர் சுற்றிலும் எல்லார் முகத்தையும் அண்ணாந்து பார்த்தாள். தலையைத் தடவுகிற மாமிகள், கன்னத்தைக் கிள்ளுகிற தாத்தா, யார் முகத்திலும் சிரிப்பு இல்லை. அப்பாவின் முகத்தையும் பார்த்தாள்.

அவள் சுண்டல் பக்கம்தான் போகப்போகிறாள் என்று பிலோமினா நினைத்தாள். மிளிர் குனிந்து தன் கொம்பை எடுத்தாள். பாவாடையில் துடைத்தாள்.

"பசை வேணாம் ஆன்ட்டி" என்றாள். "நான் கையால பிடிச்சுக்கறேன்."

யாரும் தூக்கிவிடாமல், அவளே படிப்படியாக ஏறி ஏழாம் படியில் போய் உட்கார்ந்தாள். பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள். வலது கையால் கொம்பை நெற்றியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தாள். அவளைப் பார்த்து மீன்வால் பெண் தாத்தாவின் கையிலிருந்து வழுக்கி இறங்கினாள். கிளிமூக்குப் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏறினான். ஒவ்வொன்றாகப் பதினொன்றும் ஏறி, அதது இடத்தில் உட்கார்ந்தது.

முதலில் யார் கைதட்டியது என்று தெரியவில்லை. பிறகு ஹால் முழுக்கத் தட்டியது. வாசலில் நடுவர்களின் கார் வந்து நின்றது. மிளிரின் கை வலித்திருக்க வேண்டும். கொம்பு மெல்லச் சரிந்தது.

"கொஞ்சம் நேராப் பிடி, கண்ணு" என்றாள் ஆதிரை.